384 படிவங்களை விலைக்கு வாங்காதீர்கள்

கேள்வி: கிருஷ்ணகிரியில் ஒரு தனியார் கல்லூரியில் வணிகவியல் உதவிப் பேராசிரியராக இருக்கிறேன். பகுதிநேரமாக பிஎச்.டி. செய்கிறேன். 'கிருஷ்ணகிரி மாவட்ட இ-சேவை மையங்களில் பயனாளிகளின் திருப்தி' என்பது தலைப்பு. மையத்தில் புள்ளிவிவரம் கேட்டால் தாலுகா ஆபீஸுக்குப் போகச் சொல்கிறார்கள். அங்கே போனால் கலெக்டர் ஆபீஸில் கடிதம் வாங்கி வரச் சொல்கிறார்கள். இதற்கிடையில் ஒரு ப்ராஜெக்ட் சென்டர், 384 பேர் நிரப்பிய கேள்வித்தாள், எஸ்பிஎஸ்எஸ் என்ற புள்ளியியல் மென்பொருளின் முடிவுகள், ஸ்கோபஸ் என்ற சர்வதேச ஆய்விதழ்த் தொகுப்பில் இடம்பெறும் இரண்டு கட்டுரைகள் எல்லாவற்றையும் ஒரே பேக்கேஜாகத் தருவதாகச் சொல்கிறது. வாங்கலாமா? வேறு வழி உண்டா?

பதில்: வாங்காதீர்கள். வேறு வழி உண்டு.

முதலில் அந்த 384-ஐப் பார்ப்போம். கிரெஜ்சி, மார்கன் என்ற இருவர் 1970-இல் வெளியிட்ட அட்டவணையில், மிகப் பெரிய மக்கள்தொகைக்கு வரும் எண் அது. ஆனால் அந்த 384 பேரும் முழுப் பட்டியலிலிருந்து குலுக்கல் முறையில் எடுக்கப்பட்டிருக்க வேண்டும். மையத்து வாசலில் கிடைத்தவர்களைப் பிடித்துக் கேட்டால், எண்ணிக்கை 384 ஆனாலும் 3,840 ஆனாலும் அட்டவணை தரும் உத்தரவாதம் உங்களுக்குக் கிடைக்காது. சென்டர்காரர் இதைச் சொல்லமாட்டார். பல பேருக்கு அவர் கொடுப்பது வாசலில் நின்று கேட்டதுகூட இல்லை, அறைக்குள் உட்கார்ந்து தட்டியது. ஒரே கோப்பில் மாவட்டத்தின் பெயரை மட்டும் மாற்றி விற்கிறார்கள். எல்லாக் கருதுகோளும் நிரூபணமாகியிருக்கும், எல்லா அட்டவணையும் அழகாக இருக்கும். வாய்மொழித் தேர்வில் 'நிரப்பிய படிவங்களைக் காட்டுங்கள், அஞ்செட்டியில் எந்த மையத்துக்குப் போனீர்கள்' என்று ஒருவர் கேட்டால் போதும்.

கருத்துத் திருட்டு அறிக்கை 10 சதவீதத்துக்குள் வந்துவிடும் என்று உறுதி கொடுப்பார்கள். வரட்டும். அந்த மென்பொருள் வாக்கியங்களைத்தான் ஒப்பிடுகிறது. எண்கள் பொய்யா என்று அதற்குத் தெரியாது.

சரி, என்ன செய்யலாம்? மையத்தில் விண்ணப்பித்த ஒவ்வொருவரிடமும் விண்ணப்ப எண்ணும் தேதியும் போட்ட ஒப்புகைச் சீட்டு இருக்கும், இல்லையென்றால் செல்போனில் குறுஞ்செய்தியாவது இருக்கும். கையில் கிடைத்த சான்றிதழிலும் தேதி இருக்கிறது. இடையில் மனு வி.ஏ.ஓ., வருவாய் ஆய்வாளர், தாசில்தார் அலுவலகம் என்று நகர்கிறது. பழங்குடியினர் சாதிச் சான்று என்றால் கோட்டாட்சியர் வரை போக வேண்டும். விண்ணப்பித்தவரின் சம்மதத்துடன் இரண்டு தேதிகளையும் குறித்துக்கொண்டு, 'மொத்தம் எத்தனை நடை நடந்தீர்கள், எத்தனை நாள் கூலி போயிற்று, யாருக்காவது தனியாகப் பணம் கொடுத்தீர்களா' என்று கேளுங்கள். பெயர், ஆதார் எண் எதுவும் உங்கள் நோட்டில் ஏற வேண்டாம். கிருஷ்ணகிரி நகரில் பாதி, தேன்கனிக்கோட்டைப் பக்கம் பாதி என்று நூறு பேரிடம் இப்படிச் சேகரித்தால், மாவட்டம் முழுவதற்கும் சதவீதம் சொல்ல முடியாதுதான். ஆனால் வெளியே தெரியாத காத்திருப்பு எவ்வளவு, எந்த இடத்தில் நடை கூடுகிறது என்று ஆதாரத்தோடு எழுதலாம். 'மிகவும் திருப்தி, திருப்தி, கருத்தில்லை' என்று ஐந்து கட்டத்தில் டிக் அடித்த தாளைவிட இது பல மடங்கு உயர்ந்த தரவு.

உங்கள் துறையின் கோட்பாடும் இதைத்தான் கேட்கிறது. டிலோன், மெக்லீன் இருவரும் 1992-இல் முன்வைத்து 2003-இல் திருத்திய தகவல் அமைப்பு வெற்றி மாதிரியில், பயனாளியின் திருப்தி ஒரு கூறு மட்டுமே. அமைப்பின் தரம், தகவலின் தரம், சேவையின் தரம், பயன்பாடு, கடைசியில் கிடைக்கும் நிகரப் பலன் என்று மற்றவையும் உண்டு. கூலி போகாமல் ஒரு நாள் மிச்சமானது நிகரப் பலன். திருப்தியை மட்டும் அளந்து முடித்துக்கொள்ளும் ஆய்வேடுகள், இந்தியப் பல்கலைக்கழக ஆய்வேடுகளின் இணையக் களஞ்சியமான ஷோத்கங்காவில் ஏற்கனவே ஏராளம்.

இரண்டு இடத்தில் கவனம் வேண்டும். திங்கள்கிழமை குறைதீர் நாளில் கலெக்டர் ஆபீஸ் வாசலில் நின்று கேட்டால் குறை உள்ளவர்கள் மட்டுமே கிடைப்பார்கள், முடிவு ஒரு பக்கமாகச் சாயும். அப்புறம், ஓசூர், தளி, தேன்கனிக்கோட்டைப் பக்கம் வீட்டில் தெலுங்கும் கன்னடமும் பேசுபவர்கள் நிறைய. அச்சடித்த தாளை நீட்டாமல், அந்த மொழி தெரிந்த உங்கள் மாணவர் ஒருவரை அழைத்துப் போய் வாயால் கேட்டு எழுதுங்கள்.

அலுவலகப் புள்ளிவிவரத்துக்கு 2005-ஆம் ஆண்டின் தகவல் உரிமைச் சட்டம் இருக்கிறது. 10 ரூபாய் கட்டணம், 30 நாளில் பதில் தர வேண்டும். பதில் வராவிட்டால் அடுத்த 30 நாளுக்குள் முதல் மேல்முறையீடு. 'ஏன் தாமதம்' என்று கேட்காதீர்கள், விளக்கம் கேட்கிறீர்கள் என்று திருப்பிவிடுவார்கள். தாலுகா வாரியாக, மாத வாரியாக, சான்று வாரியாக வந்த மனு, ஏற்றது, தள்ளுபடி செய்தது, நிலுவை என்று எண்ணிக்கையை மட்டும் கேளுங்கள். அரசுச் சான்றுகளைக் கணினி வழி தரும் மின் மாவட்டத் திட்டத்தைத் தமிழ்நாட்டில் சோதித்துப் பார்த்த தொடக்க மாவட்டங்களில் கிருஷ்ணகிரியும் ஒன்று. அப்படிப்பட்ட ஊரில், கணினியில் ஏற்கனவே இருக்கும் ஒரு மாத எண்ணிக்கையை வாங்க ஆய்வாளர் மூன்று மேசைக்கு அலைய வேண்டியிருக்கிறது. இவற்றை மாதாமாதம் இணையத்தில் போட்டால் ஒருவரும் யாரிடமும் போய் நிற்க வேண்டாம். அந்தச் சட்டத்தின் நான்காவது பிரிவு, கேட்காமலே வெளியிடத்தான் சொல்கிறது. செய்ய மாட்டேன் என்கிறார்கள்.

கட்டுரை விஷயம். பட்டத்துக்கு ஆய்விதழ்க் கட்டுரை கட்டாயம் என்பதைப் பல்கலைக்கழக மானியக் குழு (யூஜிசி) 2022 விதிமுறையில் எடுத்துவிட்டது. தான் ஏற்கும் ஆய்விதழ்களைத் தொகுத்த கேர் பட்டியலையும் 2025-இல் கைவிட்டது. இடைத்தரகர்கள் இன்னும் 'யூஜிசி கேர் கட்டுரை' என்று கூவுகிறார்கள். உங்கள் பல்கலைக்கழகம் தனியாக விதி வைத்திருந்தால் அதை எழுத்தில் வாங்குங்கள், பக்கத்து அறை ஆய்வாளர் சொன்னதை நம்பாதீர்கள். ஸ்கோபஸ் என்று யார் சொன்னாலும் அவர் அனுப்பும் இணைப்பைத் தொடாமல், ஸ்கோபஸ் தளத்தின் இதழ்ப் பட்டியலில் நீங்களே தேடுங்கள், அது இலவசம். நல்ல இதழின் பெயரையும் ஐஎஸ்எஸ்என் என்ற இதழ் அடையாள எண்ணையும் திருடி நடத்தும் போலித் தளங்கள் உண்டு.

பணம் கொடுத்து யாரிடமும் எந்த உதவியும் வாங்கக் கூடாது என்று நான் சொல்லவில்லை. புள்ளியியல் தெரிந்தவரிடம் கட்டணம் கொடுத்து உட்கார்ந்து கற்றுக்கொள்வது நியாயம். தரவு உங்களுடையதாக இருக்க வேண்டும். எந்தச் சோதனையை ஏன் செய்தார் என்பதை அவர் இல்லாமலே நீங்கள் விளக்க முடிய வேண்டும். நன்றியுரையில் அவர் பெயர் வர வேண்டும், வழிகாட்டிக்கும் முன்கூட்டியே தெரிந்திருக்க வேண்டும். ஆங்கில நடையைத் திருத்தித் தருபவருக்கும் இதே கணக்குதான். அவர் வாக்கியத்தைத் திருத்தலாம், முடிவுரையை எழுதித் தரக் கூடாது. 'உங்கள் பெயரை எங்கும் போடலாமா' என்று கேட்டுப் பாருங்கள். வேண்டாம் என்று பதறினால் அவரிடம் போகாதீர்கள்.

தலைப்பில் 'திருப்தி' என்ற சொல்லை மட்டும் மாற்றி, 'காலமும் செலவும்' என்று வைக்கலாமா என வழிகாட்டியிடம் கேட்டுப் பார்க்கலாம். ஒவ்வொரு செமஸ்டரிலும் ஆய்வு ஆலோசனைக் குழு முன் நீங்கள் எப்படியும் நிற்க வேண்டும். அதற்கு முன் பத்துப் பேரின் சீட்டுத் தேதிகளைத் திரட்டி, ஒரு பக்க அட்டவணையாகக் கொண்டு போங்கள்.