மரபணுப் பரிசோதனை: எந்த மக்களின் கணக்கு?

கேள்வி: உமிழ்நீரைக் குழாயில் சேகரித்து அனுப்பினால், இதய நோய், மார்பகப் புற்றுநோய் போன்றவற்றின் ஆபத்தைச் சொல்லிவிடுவதாக இணையத்தில் விளம்பரம் வருகிறது. என் அப்பாவுக்கும் சித்தப்பாவுக்கும் ஐம்பது வயதுக்குள் மாரடைப்பு வந்தது. மகளுக்கு வரன் பார்த்துவருகிறோம். குடும்பமாக வாங்கினால் தள்ளுபடி உண்டாம். வாங்கலாமா?
— வாசகி, ஈரோடு

பதில்: தள்ளுபடிக்காக அவசரப்படாதீர்கள். எந்த மக்களின் தரவை வைத்து ஆபத்தைக் கணக்கிடுகிறார்கள் என்று முதலில் அந்த நிறுவனத்திடம் எழுதிக் கேளுங்கள்.

நோய்க்கும் மரபணுவுக்கும் உள்ள தொடர்பை ஆராயும் பெரிய ஆய்வுகளில் பங்கேற்றவர்களில் ஏறத்தாழ ஐந்தில் நான்கு பேர் ஐரோப்பிய வம்சாவளியினர். அந்தத் தரவிலிருந்து உருவான ஆபத்து மதிப்பெண் நமக்கு அவ்வளவு துல்லியமாகப் பொருந்துவதில்லை. எந்த மரபணுப் பிறழ்வு (மாற்றம்) எங்கே மிகுதி என்பது ஊருக்கு ஊர் மாறுகிறது. மலேரியா பரவிய நிலங்களில் சிவப்பணுக்களை அரிவாள் வடிவமாக்கும் அரிவாள் செல் மரபணு, சுமப்பவரை மலேரியாவிலிருந்து ஓரளவு காப்பதால் நிலைத்தது. நீலகிரிப் பழங்குடியினரிடம் அது இருப்பது 1952-லேயே பதிவானது. இதயத் தசையைப் பாதிக்கக்கூடிய எம்.ஒய்.பி.பி.சி.3 மரபணுக் குறைபாடு ஒன்றைத் தெற்காசியர்களில் ஏறத்தாழ 4 சதவீதம் பேர் சுமக்கிறார்கள் என்று 2009-இல் ஓர் ஆய்வு வெளியானது. ஐரோப்பியரிடம் அது கிட்டத்தட்ட இல்லை. (சுமப்பவர்கள் எல்லோருக்கும் நோய் வருவதில்லை. மாரடைப்பு வேறு, இது வேறு.)

'ஆபத்து இல்லை' என்று வரும் முடிவைத்தான் நான் அதிகம் அஞ்சுகிறேன். 2018-இல் அமெரிக்க அரசு, உமிழ்நீர் மரபணுச் சோதனை விற்கும் 23அண்ட்மீ நிறுவனத்துக்கு அனுமதித்த மார்பகப் புற்றுநோய்ச் சோதனை மூன்றே பிறழ்வுகளைப் பார்த்தது. மூன்றும் அஷ்கனாசி யூதர்களிடம் (மத்திய, கிழக்கு ஐரோப்பிய வம்சாவளி யூதர்கள்) மிகுதியாகக் காணப்படுபவை. மார்பகப் புற்றுநோயோடு தொடர்புடைய பி.ஆர்.சி.ஏ. மரபணுக்களிலோ ஆயிரத்துக்கும் மேற்பட்ட பிறழ்வுகள் உண்டு. அப்படியொரு அறிக்கையை நம்பி ஒரு தமிழ்ப் பெண் மார்பில் தென்படும் கட்டியை அலட்சியப்படுத்தினால் உயிருக்கே ஆபத்து.

உங்கள் குடும்பத்தில் இருவருக்கு இளவயதில் மாரடைப்பு வந்திருப்பதே எந்த மதிப்பெண்ணையும்விடப் பெரிய எச்சரிக்கை. இதய மருத்துவரிடம் அதைச் சொல்லுங்கள். கொழுப்பு, சர்க்கரை, இரத்த அழுத்தம் இவற்றோடு லைப்போபுரோட்டீன்-ஏ (இரத்தத்தில் கொழுப்பைச் சுமக்கும் ஒருவகைத் துகள்) அளவையும் பாருங்கள். பெருமளவு பரம்பரையாக வருவதால் பெரும்பாலோருக்கு அதை ஒருமுறை பார்த்தாலே போதும்.

மகளுக்குத் தலசீமியா (பரம்பரையாக வரும் இரத்தசோகை நோய்), அரிவாள் செல் இரண்டுக்குமான எச்.பி.எல்.சி. இரத்தப் பரிசோதனை செய்யுங்கள். மாப்பிள்ளை வீட்டாரிடமும் தயங்காமல் கேளுங்கள். இருவரும் தலசீமியா கடத்திகளாக (நோயின்றி அந்த மரபணுவைச் சுமப்பவர்களாக) இருந்தால் ஒவ்வொரு குழந்தைக்கும் நோய் வர 25 சதவீத வாய்ப்பு உண்டு. ஒருவர் மட்டும் கடத்தி, மற்றவர் இந்த இரண்டில் எதற்குமே கடத்தி இல்லை என்றால் திருமணத்துக்குத் தடையே இல்லை.

இதற்குப் பிறகும் வாங்க விரும்பினால், மாதிரியை அழிப்பார்களா, தரவை யாருக்குக் கொடுப்பார்கள் என்பதை எழுத்தில் பெறுங்கள். அதே 23அண்ட்மீயிலிருந்து 2023-இல் ஏறத்தாழ 69 லட்சம் பேரின் விவரங்கள் கசிந்தன. 2025-இல் அது திவால் பாதுகாப்பு கோரியது. கடவுச்சொல்லை மாற்றிக்கொள்ளலாம், மரபணுவை மாற்ற முடியாது.