கிறிஸ்துமஸ் சீரியல் செட்: வாசகர் கேள்விகளும் என் எரிச்சலும்

கேள்வி: காகித ஸ்டாருக்குள், வீட்டில் மிச்சம் கிடக்கும் 60 வாட் குண்டு பல்பைப் போடலாமா? (நாகர்கோவில்)

பதில்: கூடாது. காகிதம் கருகும். 5 வாட் எல்.இ.டி. போதும்.

கேள்வி: நடைபாதைக் கடையில் 90 ரூபாய்க்கு வாங்கிய சீரியல் செட், தொட்டால் ஷாக் அடிக்கிறது. பில் இல்லை. யாரிடம் புகார் செய்வது? (தூத்துக்குடி)

பதில்: முதலில் பிளக்கைப் பிடுங்குங்கள், புகாரைப் பிறகு பார்க்கலாம். மலிவான செட்டுகள் பலவற்றில் டிரான்ஸ்ஃபார்மர் கிடையாது. 230 வோல்ட் மின்சாரம் நேராக அந்த மெல்லிய ஒயரில்தான் ஓடுகிறது. எல்.இ.டி. சீரியல் விளக்குகளுக்கு இந்தியத் தர நிர்ணய அமைவனத்தின் (பி.ஐ.எஸ்.) பதிவு கட்டாயம். முத்திரையோடு 'ஆர்' என்று தொடங்கும் எண் இருக்கிறதா என்று பாருங்கள், 'பி.ஐ.எஸ். கேர்' செயலியில் அது உண்மையா என்று சரிபார்க்கலாம். பில்லும் இல்லை, முத்திரையும் இல்லை என்றால் நான் யாரைப் பிடித்துத் தருவது?

இதைச் சொல்ல எனக்கும் தகுதி இல்லைதான். பாரிமுனையில் ஒரு முறை மொத்த விலை என்ற ஆசையில் ஒரு டஜன் செட் வாங்கினேன். முதல் இரவே பிளக் உருகிச் சுவரில் கரி படிந்தது. அந்த இடத்தில்தான் இன்றும் எங்கள் வீட்டுக் காலண்டர் தொங்குகிறது.

கேள்வி: 1,800 ரூபாய்க்கு வாங்கிய விளக்குத் திரையில் பாதி எரியவில்லை. பில்லின் அடியில் 'விற்ற பொருள் திரும்பப் பெறப்படாது' என்று அச்சிட்டிருப்பதைக் கடைக்காரர் காட்டுகிறார். (திருச்சி)

பதில்: இந்த ஒரு வரியைப் பார்த்தாலே எனக்கு ரத்தம் கொதிக்கிறது. ரப்பர் ஸ்டாம்பில் அடித்துவிட்டால் அது சட்டமாகிவிடுமா? குறையுள்ள பொருளைத் திரும்பப் பெற்றுப் பணம் தர மறுப்பது, 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி முறையற்ற வணிக நடைமுறை. பில்லில் காலவரை எதுவும் குறிக்கவில்லை என்றால் 30 நாள் உங்களுக்கு உண்டு. பில் தராமல் இருப்பதும் அதே பட்டியலில்தான் வருகிறது. இதை ஒரு தாளில் எழுதிக் கடையில் கொடுத்து, நகலில் கையெழுத்துக் கேளுங்கள். பெரும்பாலும் அங்கேயே குரல் இறங்கிவிடும். இறங்காவிட்டால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண். அதற்கும் மசியாவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். ஐந்து லட்சம் ரூபாய் வரையிலான பொருளுக்குக் கட்டணம் இல்லை. வக்கீல் வைத்துத்தான் ஆகவேண்டும் என்பதும் இல்லை. ஆனால் 'நிறம் பிடிக்கவில்லை' என்று போய் நின்றால் இந்தச் சட்டம் உதவாது, நானும் உதவமாட்டேன்.

கேள்வி: பேரனுக்காக ஆன்லைனில் ஆறடி கிறிஸ்துமஸ் மரம் வாங்கினேன். வந்தது இரண்டடி. 'பார்த்து வாங்கக்கூடாதா' என்று மகன் திட்டுகிறான். (மதுரை)

பதில்: திட்டவேண்டிய ஆள் நீங்கள் இல்லை, அம்மா. ஆறடி என்று படித்துத்தானே பணம் கட்டினீர்கள்? விளம்பரத்தில் சொன்னபடி இல்லாத பொருளை விற்பனையாளர் திரும்பப் பெற மறுக்கக்கூடாது என்று 2020ஆம் ஆண்டு மின்வணிக விதிகள் சொல்கின்றன. மரத்தின் பக்கத்தில் அளவு டேப்பைப் பிடித்து ஒரு படம் எடுங்கள். விளம்பரப் பக்கத்தை மாற்றிவிடுவதற்குள் அதையும் படமெடுத்து வையுங்கள். இந்த வேலையை மகனிடமே கொடுக்கலாம்.

கேள்வி: தவழும் குழந்தை இருப்பதால், பட்டன் பேட்டரியில் எரியும் பொய் மெழுகுவத்தி வாங்கியிருக்கிறோம். பாதுகாப்புதானே? (கோவை)

பதில்: பேட்டரி மூடியில் திருகாணி இருக்கிறதா? இல்லையென்றால் இன்றே அப்புறப்படுத்துங்கள். விழுங்கிய பட்டன் பேட்டரி உணவுக்குழாயில் சிக்கினால் இரண்டு மணி நேரத்திலேயே அதை அரித்துப் புண்ணாக்கிவிடும். விழுங்கியதாகச் சந்தேகம் வந்தாலே மருத்துவமனைக்கு ஓடுங்கள். வாந்தி எடுக்க வைக்காதீர்கள்.

கேள்வி: 'வாட்டர்ப்ரூஃப்' என்று போட்ட விளக்கை பால்கனியில் கட்டலாமா? (சென்னை)

பதில்: விளக்கு தாங்கலாம். அதைச் செருகிய எக்ஸ்டென்ஷன் பெட்டி தாங்குமா? டிசம்பர் நமக்கு மழைக்காலம். இணைப்பு வீட்டுக்குள்ளேயே இருக்கட்டும். மெயின் போர்டில் 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. (மின்கசிவு ஏற்பட்டால் மின்சாரத்தைத் துண்டிக்கும் சுவிட்ச்) இருந்தால் அதன் டெஸ்ட் பொத்தானை ஒரு முறை அழுத்திப் பாருங்கள். சுவிட்ச் கீழே விழவில்லை என்றால் எலெக்ட்ரீஷியனைக் கூப்பிடுங்கள்.

கேள்வி: வைக்கோல் குடிலுக்குள் நிஜ மெழுகுவத்தி ஏற்றினால்தான் அழகு என்கிறார் என் கணவர். (வேளாங்கண்ணி)

பதில்: ஒரு வாளித் தண்ணீரோடு, விடியும்வரை குடிலுக்குப் பக்கத்தில் அவரையே உட்காரச் சொல்லுங்கள்.