அப்பா மெக்சிகன், அம்மா வேறு இனம் என்றால் ஓர் அமெரிக்க அச்சுக் கலைஞரின் படைப்பில் எந்தப் பக்கம் தெரிய வேண்டும்?

கேட்டவர் ஏதோ கண்காட்சி விண்ணப்பத்தை நிரப்பிக்கொண்டிருக்கிறார் என்று நினைக்கிறேன். "உங்கள் பின்னணி உங்கள் கலையில் எப்படி வெளிப்படுகிறது?" என்ற கட்டத்தின் முன் விழித்துக்கொண்டு உட்காரும் அவஸ்தை எங்கள் வீட்டிலும் உண்டு.

நான் கலைஞன் அல்லன். என் மனைவிதான் அச்சுக் கலைஞர், சிகாகோவில் வளர்ந்தவர். மாமனார் மெக்சிகோக்காரர், மாமியார் போலந்து வழி வந்தவர். மை உருட்டுவதும் தாள் பிடிப்பதும் என் வேலை.

மெக்சிகோக்காரர்கள் இறந்தவர்களை நினைவுகூரும் இறந்தோர் நாளுக்கான கண்காட்சி ஒன்றுக்காக, அவர் லினோலியம் என்ற மெத்தென்ற தரைவிரிப்புப் பலகையில் ஒரு சமையல் மேசையைச் செதுக்கினார். ஒரு பக்கம் சோள மாவைத் தட்டும் கைகள். மறுபக்கம், நம் கொழுக்கட்டையைப் போலவே போலந்துப் பண்டமான பியெரோகியின் ஓரத்தை மடித்து அழுத்தும் கைகள். இரண்டு பாட்டிகளுமே காலமானவர்கள். லினோலியம் குளிர்ந்தால் உதிரும் என்பதால் நான் இஸ்திரிப் பெட்டியால் அதைச் சூடாக்கித் தர, அவர் மெல்லிய உளியால் விரல் ரேகைவரை எடுத்தார். கட்டையில் வலப்பக்கம் இருப்பது தாளில் இடப்பக்கம் விழும். எந்தப் பாட்டிக்கு எந்தப் பக்கம் என்று குடும்பத்தில் ஒரு சண்டையே நடந்தது.

ஏற்பாட்டாளர் பார்த்துவிட்டு, "அருமை. போலந்துப் பக்கத்தை மட்டும் எடுத்துவிட்டு ஒரு மண்டையோடு வைக்கலாமே?" என்றார். மண்டையோட்டின் மீது எனக்குப் பகையில்லை. மெக்சிகோவின் அச்சுக் கலைஞர் போசாதா எலும்புக்கூடுகளைச் செதுக்கியது காலணா விலைத் தாள்களில் பெரிய மனிதர்களை நையாண்டி செய்ய. 1913இல் அவர் இறந்தார்; நூறாண்டு கழித்து அந்த மண்டையோடே மெக்சிகன் கலைக்கு நுழைவுச் சீட்டாகிவிட்டது. மனைவி மறுத்தார், படம் சுவரேறவில்லை.

இதற்கு அவர் எப்போதும் காட்டும் சாட்சி கார்லோஸ் கோர்த்தேஸ் என்ற அமெரிக்க அச்சுக் கலைஞர். 1923இல் மில்வாக்கியில் பிறந்தவர். அப்பா மெக்சிகோவைச் சேர்ந்த தொழிற்சங்கவாதி. அம்மா ஜெர்மானிய வழி வந்தவர், போரை எதிர்த்த சோஷலிஸ்ட். கோர்த்தேஸ் இரண்டாம் உலகப் போரில் துப்பாக்கி ஏந்த மறுத்துச் சிறைக்குப் போனார். செதுக்குவதில் அவருக்கு ஆசான்கள் போசாதாவும், ஜெர்மனியின் கேத்தே கோல்விட்ஸும். எந்தப் பாதியையும் அவர் ஒளித்து வைக்கவில்லை. ஸ்வீடனில் பிறந்த தொழிலாளர் பாடகர் ஜோ ஹில்லையும் செதுக்கினார், மெக்சிகோவின் புரட்சியாளர் ஃப்ளோரஸ் மகோனையும் செதுக்கினார். அவர் படங்கள் இன்று சிகாகோவின் பில்சன் பகுதியிலுள்ள தேசிய மெக்சிகன் கலை அருங்காட்சியகத்தில் இருக்கின்றன. அங்கே யாரும் ஜெர்மன் பாதியைச் சுரண்டி எடுக்கவில்லை. "கோர்த்தேஸும் உன் மனைவியும் ஒன்றா?" என்று யாராவது கிளம்புவீர்கள். நான் ஒப்பிடவில்லை, அனுமதி ஏற்கெனவே கிடைத்துவிட்டது என்கிறேன், அவ்வளவுதான். விண்ணப்பத்தின் அந்தக் கட்டத்தில் நீங்கள் யார் கைகளைப் பார்த்து வளர்ந்தீர்களோ அவர்களை எழுதுங்கள். அது கண்காட்சியின் தலைப்புக்குப் பொருந்தாவிட்டால் தலைப்பை மாற்றிக்கொள்ளட்டும்.

கேள்விக்குச் சம்பந்தமில்லாத ஒன்று. தன் படங்கள் பெரிய விலைக்குப் போனால் உடனே கூடுதல் பிரதிகள் அடித்து விலையை இறக்க வேண்டும் என்று கோர்த்தேஸ் ஏற்பாடு செய்து வைத்திருந்தார். நல்ல மனம். அதற்காக, வீட்டுக்கு வரும் என் உறவினர்கள் "ஜெராக்ஸ் மாதிரிதானே, ஒன்று சும்மா கொடு" என்பதை அவர் பெயரால் நியாயப்படுத்தாதீர்கள். ஒவ்வொரு தாளுக்கும் புதிதாக மை உருட்டி, தாளின் முதுகில் மரக்கரண்டியால் அங்குலம் அங்குலமாகத் தேய்ப்பவன் நான்; தோள்பட்டை வலி எனக்குத்தான். அப்படி வாங்கிய ஒருவர் அதை நான்காக மடித்துப் பெட்டியில் திணித்ததைக் கண்ணால் பார்த்தேன். இப்போது உறவினர்களுக்குச் சாப்பாடு மட்டும்தான்.