4 மி.மீ. துளைக்குள் டூல் ஏன் உரசுகிறது?

கேள்வி: பழைய வண்ணாரப்பேட்டையில் தையல் மிஷின் பழுது பார்க்கிறேன். வீட்டு மாடியில் சின்ன லேத் வைத்துப் பித்தளை புஷ் கடைகிறேன். 3 மி.மீ. சதுர பிட்டை 1.5 மி.மீ. உயரத்துக்குக் குறைத்து, பெரிய டூலுக்குப் போலவே 8 டிகிரி கிளியரன்ஸ் (விளிம்புக்குக் கீழே டூல் உரசாமல் இருக்க விடும் சாய்வு) கொடுத்துச் சாணை பிடித்தேன். 4 மி.மீ. துளைக்குள் விட்டால் வெட்டாமல் உரசுகிறது. கிரைண்டரில் முனை நீலமாகவும் ஆகிவிடுகிறது. தவறு எங்கே?

பதில்: நீலத்தை முதலில் முடித்துவிடுவோம். உங்கள் பிட் எச்எஸ்எஸ் (ஹை ஸ்பீடு ஸ்டீல்) என்றால் கவலை வேண்டாம். நீல நிறம் ஏறுவது 300 டிகிரி வாக்கில். எச்எஸ்எஸ் 550 டிகிரிக்குப் பக்கத்தில் டெம்பர் (கடினமாக்கிய பின் மறுபடி சூடாக்கிப் பதப்படுத்துவது) செய்யப்பட்டது, அதற்குள் கடினம் போகாது. முனை சிவந்துவிட்டால்தான் சிக்கல். பழைய அரத்தை உடைத்துச் செய்த டூல் என்றால் கதை வேறு: அது கார்பன் ஸ்டீல், நீலமான இடம் மெத்துப்போய்விடும். எதுவாக இருந்தாலும் சூடு ஏறும் முன்பே தண்ணீரில் தொட்டுத் தொட்டு எடுங்கள். நன்றாகச் சுட்ட எச்எஸ்எஸ்ஸைச் சட்டென்று தண்ணீரில் முக்கினால் கண்ணுக்குத் தெரியாத விரிசல் விழும்.

உரசுவதற்குக் காரணம் அந்த 8 டிகிரி. ஒரு தாளில் பத்து மடங்கு பெரிதாக வரைந்து பாருங்கள். 4 மி.மீ. துளைக்கு 20 மி.மீ. ஆரத்தில் ஒரு வட்டம். வெட்டும் முனை நடுக்கோட்டில், வட்டத்தைத் தொட்டபடி. டூலின் அடி அதிலிருந்து 15 மி.மீ. கீழே. அந்த உயரத்தில் வட்டம் கிட்டத்தட்ட 7 மி.மீ. உள்ளே வளைந்து வந்திருக்கும். உங்கள் டூலின் அடியும் அவ்வளவு உள்ளே போயிருக்க வேண்டும், அதாவது 24 டிகிரி. இதே டூலை நிஜத்தில் 20 மி.மீ. விட்டமுள்ள துளையில் விட்டால் 5 டிகிரி போதும். துளை சிறுத்தால் சுவரின் வளைவு டூலின் வயிற்றில் வந்து இடிக்கிறது. நீங்கள் முனையை எவ்வளவு கூராக்கினாலும் வயிறு உரசிக்கொண்டேதான் இருக்கும்.

அதனால் நான் சொல்வது: சதுர பிட்டை விடுங்கள், உருண்டைத் துண்டு எடுங்கள். பாரிமுனை செம்புதாஸ் தெருப் பக்கம் போனால் 3 மி.மீ. எச்எஸ்எஸ் உருண்டை பிட் கேட்டுப் பாருங்கள். துளைக்குள் அதைவிடச் சின்ன வட்டம் ஒன்று ஒரு பக்கமாக ஒட்டி நின்றால் தொடுகிற புள்ளியைத் தவிர வேறெங்கும் இடிக்காது. அடிப்பக்கத்து இடைவெளி தானாகவே கிடைத்துவிடுகிறது.

முதலில் முனையிலிருந்து, துளையின் ஆழத்தைவிடக் கொஞ்சம் அதிக நீளத்துக்கு, மேல் பாதியைச் சரியாக நடு வரைக்கும் தட்டையாக எடுங்கள். சுருள் வெளியேற இடமும் அதுதான். பித்தளைக்கு அந்த மேல்முகம் சரிவே இல்லாமல் இருக்கட்டும். இரும்புக்குப் போலச் சரித்தால் டூல் பித்தளையைக் கவ்வி இழுக்கும். அப்புறம் முனைக்குப் பின்னால் கழுத்தை வெட்டும் பக்கத்தில் அரை மி.மீ. குறையுங்கள். நுனியின் முன்முகத்தையும் கொஞ்சம் சாய்த்துவிடுங்கள். கடைசியாக, வெட்டும் விளிம்புக்கு நேர் கீழே மட்டும் 8 டிகிரி. இங்கே அது போதும். இதை வீலில் செய்யாதீர்கள். டயமண்ட் அரமோ எண்ணெய்க் கல்லோ வைத்துக் கையால் பத்துப் பதினைந்து இழுப்பு. பத்து மடங்கு காட்டும் வாட்ச் ரிப்பேர் லென்ஸில் பாருங்கள். விளிம்பில் மெல்லிய வெள்ளைக் கோடு மின்னினால் இன்னும் மழுங்கல். கோடு மறைந்து, நகத்தில் வைத்தால் வழுக்காமல் பிடித்துக்கொண்டால் தயார்.

பிடிப்பதுதான் உண்மையில் பெரிய விஷயம். இத்தனை சின்னதை விரலில் பிடித்து வீலிடம் கொண்டு போகவே கூடாது. அப்ரண்டிஸாக இருந்தபோது நான் அப்படித்தான் பிடித்தேன். பிட், ரெஸ்டுக்கும் (டூலை வைத்துத் தாங்கும் தட்டு) வீலுக்கும் நடுவே இழுபட்டு வீலின் ஓரம் சில்லாகத் தெறித்தது. கண்ணாடி போட்டிருந்ததால் கண் தப்பியது. 10 மி.மீ. சதுர இரும்பில் ஒரு சாண் நீளம் வெட்டி, முனையில் 3 மி.மீ. துளை போட்டு, பக்கத்தில் கிரப் ஸ்க்ரூ (தலையில்லாத திருகு) வைத்துப் பிட்டை இறுக்குங்கள். அதைப் பிடித்தே சாணை பிடிக்கலாம், அப்படியே டூல் போஸ்டிலும் கட்டலாம், கோணம் மாறாது. ரெஸ்டுக்கும் வீலுக்கும் இடைவெளி 1 மி.மீ. வைத்து, கையால் ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்துவிட்டு சுவிட்ச் போடுங்கள். வெள்ளை வீல், 80 அல்லது 100 நம்பர், புதிதாக டிரெஸ் செய்தது (முகத்தைச் சீவிச் சமமாக்கியது). கையுறை வேண்டாம். கிரைண்டர் லேத்துக்குப் பக்கத்தில் இருந்தால் நகர்த்திவிடுங்கள். அந்தத் தூள் லேத்தின் பெட் பரப்பைத் தின்றுவிடும்.

லேத்தில் கட்டும்போது உயரத்தைக் கவனியுங்கள். 4 மி.மீ. துளையில் டூல் நடுக்கோட்டுக்கு 0.1 மி.மீ. கீழே இறங்கினாலே கிட்டத்தட்ட 3 டிகிரி கிளியரன்ஸ் போய்விடும். மெல்லிய டூல் வெட்டும்போது கொஞ்சம் கீழே வளையவும் செய்யும். அதனால் மயிரிழை மேலேயே வையுங்கள். 3.5 மி.மீ. டிரில் போட்டுவிட்டு, ஒரு தடவைக்கு 0.1 மி.மீ.க்கு மேல் போகாமல் எடுங்கள். கடைசி வெட்டு முடிந்ததும் வெட்டு ஆழத்தைக் கூட்டாமல் இரண்டு தடவை உள்ளே விட்டு எடுத்துவிட்டு, அப்புறம் அளந்து பாருங்கள்.

வேலை முடிந்ததும் டூலுக்கு ஒரு சொட்டு எண்ணெய். உங்கள் பக்கத்துக் கடல் காற்றில் எச்எஸ்எஸ்ஸும் துருப்பிடிக்கும், கூர்தான் முதலில் போகும்.