2147483647 பகா எண்ணாக இருப்பதற்கும் கணினிக்கும் தொடர்பு உண்டா?

இல்லை, தற்செயல்தான். கணினி ஒரு முழு எண்ணைக் குறியோடு 32 பிட்டில், அதாவது 0 அல்லது 1 எழுதும் 32 இடங்களில், வைக்கும்போது அடங்கும் மிகப் பெரிய எண் இது. நான் கோலாலம்பூர் பிரிக்பீல்ட்சில் கணக்கு டியூஷன் எடுக்கிறேன். படிவம் 5 பையன்கள் "சார், இதை வேண்டுமென்றே தேர்ந்தெடுத்தார்களா?" என்று கேட்பதுண்டு.

32 பிட்டில் ஒன்று கூட்டல், கழித்தல் குறிக்குப் போய்விடும். மீதி 31 பிட்டில் அடங்கும் மிகப் பெரிய எண் 2³¹ − 1. அதுதான் இது. 16 பிட்டுக்கும் இதே கணக்கைப் போட்டால் 32767 வரும். அது 7 × 31 × 151. 64 பிட்டுக்கு வரும் 2⁶³ − 1 கூட 7-ஆல் வகுபடும். அடுக்கு (15, 63) பகு எண் என்றால் விடையும் பகு எண்தான். 31 பகா எண் என்பதால் இங்கே ஒரு வாய்ப்பு இருந்தது, அவ்வளவுதான். 11-உம் பகா எண்தானே, ஆனால் 2¹¹ − 1 = 2047 = 23 × 89.

இனிமேல்தான் சுவாரசியமே. இது பகா எண் என்று 1772-இல் காட்டியவர் கணிதவியலாளர் ஆய்லர், அதுவும் பார்வை ஏறக்குறைய முழுதும் போன பிறகு. பள்ளியில் சொல்லித்தரும் வழியில் போனால் வர்க்கமூலமான 46340 வரை உள்ள 4792 பகா எண்களாலும் வகுத்துப் பார்க்க வேண்டும். யாருக்குப் பொறுமை இருக்கிறது?

ஆய்லர் முதலில் சல்லடை போட்டார். ஒரு பகா எண் இதை வகுக்கிறது என்று வைத்துக்கொள்வோம். அந்தப் பகா எண்ணால் 2³¹-ஐ வகுத்தால் மீதி 1. ஃபெர்மாவின் தேற்றத்தையும் (2-இன் அடுக்கில் ஓர் ஒற்றைப் பகா எண்ணுக்கு ஒன்று குறைவான எண்ணைப் போட்டு, அந்தப் பகா எண்ணாலேயே வகுத்தால் மீதி 1) சேர்த்தால், அந்தப் பகா எண்ணில் 1-ஐக் கழித்தது 31-இன் மடங்காக வேண்டும். அந்தப் பகா எண் ஒற்றை எண், 1-ஐக் கழித்தால் இரட்டை எண், அதனால் 62-இன் மடங்கு. அப்புறம், அதே பகா எண்ணால் 2³²-ஐ வகுத்தால் மீதி 2. 2³² என்பதோ 2¹⁶-இன் வர்க்கம். ஒரு வர்க்க எண்ணை வகுத்து மீதி 2 தரும் ஒற்றைப் பகா எண் எதுவானாலும், அதை 8-ஆல் வகுக்கும்போது மீதி 1 அல்லது 7தான் வர முடியும் என்பது ஒரு தேற்றம். இரண்டையும் சேர்த்தால் 248-ஆல் வகுத்து மீதி 1 அல்லது 63 வரும் எண்கள் மட்டுமே மிஞ்சும். 46340-க்குள் அவை 400 கூட இல்லை, அவற்றிலும் பெரும்பாலானவை பகு எண்கள்.

கால்குலேட்டரை எடுங்கள். பட்டியலில் முதல் பகா எண் 311: 311 × 6905092 போக மீதி 35. அடுத்தது 1303, அதற்கு மீதி 226. ஒரு மாலை உட்கார்ந்தால் முடித்துவிடலாம். எஸ்பிஎம் (படிவம் 5 முடிவில் எழுதும் மலேசியப் பொதுத் தேர்வு) தாளில் இது வராது, அதனால் என் மாணவர்கள் யாரும் முடித்ததில்லை.

சரி, கணினிக்குள் இதன் பகாத்தன்மைக்கு வேலையே இல்லையா? ஓர் இடத்தில் உண்டு. ஓர் எண்ணை 16807-ஆல் பெருக்கி, 2147483647-ஆல் வகுத்த மீதியை எடுத்து, அதையே மறுபடி பெருக்கிக்கொண்டே போவது சமவாய்ப்பு எண்களை உருவாக்கும் ஒரு பழைய முறை. 1 முதல் 2147483646 வரை ஒன்றுவிடாமல் தொட்ட பிறகே அது தொடங்கிய எண்ணுக்குத் திரும்பும். வகுக்கும் எண் பகா எண்ணாக இல்லாவிட்டால் இத்தனை நீளமான சுற்று கிடைக்காது.