போத்தனூரில் எதைக் காப்பது? – கடிதமும் பதிலும்

ஐயாவுக்கு வணக்கமுங்க,

நான் கோவையை ஒட்டிய போத்தனூர் ரயில்வே குவார்ட்டர்ஸில் பிறந்து வளர்ந்தவன். அப்பா தண்டவாளம் பராமரிக்கும் கேங்மேனாக இருந்து ஓய்வு பெற்றவர். இப்போது அந்தப் பக்கம் போனால் வீடுகள் பூட்டிக் கிடக்கின்றன. ஓடு சரிந்து சுவரில் அரசமரம் முளைத்திருக்கிறது. இதைப் பாரம்பரியக் கிராமமாக அறிவிக்க வேண்டும் என்று வாட்ஸப் குழுவில் எழுதினேன். "வெள்ளைக்காரன் நம்ம ஆளுகளை வேலை வாங்கறதுக்குக் கட்டுனதுங்க. அதை எதுக்குக் காப்பாத்தோணும்?" என்று ஒரு நண்பர் கேட்டார். பதில் சொல்லத் தெரியவில்லை. நீங்கள் என்ன நினைக்கிறீர்கள்?

கே., சூலூர்

அன்புள்ள கே.,

உங்கள் நண்பர் சொன்னதில் பிழையில்லை. நம் ஆட்களை எப்படி வைத்திருந்தார்கள் என்பதற்குச் சாட்சி அது, அதனாலேயே அந்தக் குடியிருப்பு நிற்க வேண்டும் என்பேன்.

போத்தனூருக்கு ரயில் வந்தது 1862இல். மெட்ராஸ் ரயில்வே கம்பெனிக்கு மேற்குக் கடற்கரையில் கோழிக்கோட்டுக்கு அருகிலுள்ள பேப்பூரை எட்டுவதுதான் குறி. பாலக்காட்டுக் கணவாயைப் பார்த்துப் பாதையை நேராக விட்டார்கள், கோயம்புத்தூர் ஒதுங்கிப்போனது. மேட்டுப்பாளையம் கிளைப்பாதை போட்ட 1873இல்தான் கோவைக்கு ஸ்டேஷன். கேரள ரயில்கள் கோவைக்குள் வராமல் இருகூர், போத்தனூர் வழியே போய்விடுகின்றன என்று பிற்காலத்தில் நாம் கொடி பிடித்தோமே, அதற்கு விதை அன்றைக்கே போட்டாகிவிட்டது! 1915இல் பொள்ளாச்சிக்கு மீட்டர்கேஜ் என்ற குறுகிய பாதையும் வந்தது. ஜங்ஷன் வளர வளர ஆட்கள் வேண்டும், அவர்களுக்கு வீடு வேண்டும்.

அந்தக் கால ரயில்வே காலனிகளில் வீட்டைப் பார்த்தே ஆளின் உத்தியோகத்தைச் சொல்லிவிடலாம். துரைக்குத் தோட்டத்தோடு பங்களா. டிரைவராகவும் கார்டாகவும் பெரும்பாலும் ஆங்கிலோ இந்தியர்களையே வைத்திருந்தார்கள், அவர்களுக்கு வராந்தா வைத்த வீடு. எடுபிடி வேலை பார்த்த கலாசிக்கும் கேங்மேனுக்கும் ஓர் அறையும் அடுப்படியுமாக லைன் வீடு. யாருக்கு எவ்வளவு காற்று என்பதைக்கூடக் கம்பெனி அளந்து கொடுத்திருக்கிறது. பாரம்பரியம் என்று யாராவது கிளம்பினால் முதலில் பங்களாவுக்கு வெள்ளையடித்துக் காபி கடை வைப்பார்கள், லைன் வீட்டை இடித்து கார் நிறுத்துவார்கள். எனக்கு அதில் துளியும் சம்மதமில்லை. ஒன்றைத்தான் காப்பாற்ற முடியும் என்றால் நான் லைன் வீட்டைத்தான் கேட்பேன்.

இன்னொன்றும் இருக்கிறது. 1921 நவம்பரில், வெள்ளைக்காரனை எதிர்த்து மலபாரில் மாப்பிளைமார் எழுப்பிய கிளர்ச்சியில் பிடிபட்ட கைதிகள் 100 பேர் அளவில் திரூரில் ஒரு மூடிய சரக்கு வேகனில் அடைக்கப்பட்டார்கள். பெல்லாரி சிறைக்குக் கொண்டுபோவதாகத் திட்டம். வேகனைத் திறந்தது போத்தனூரில். மூச்சு முட்டி இறந்தவர்கள், அப்புறம் ஆஸ்பத்திரியில் இறந்தவர்கள் எல்லாம் சேர்த்து 70 பேர். திரூரில் நகர மண்டபத்துக்கே அந்த வேகனின் நினைவாகப் பெயர் வைத்திருக்கிறார்கள். போத்தனூரில் ரயில் ஏறுகிற எத்தனை பேருக்கு இது தெரியும்? வெள்ளைக்காரன் கட்டியதை எதற்குக் காப்பாற்ற வேண்டும் என்று கேட்ட நண்பரிடம் இதைச் சொல்லுங்கள்.

சரி, செய்வது எப்படி? இடம் ரயில்வேயுடையது. மாநகராட்சியில் தீர்மானம் போட்டால் மட்டும் ஆகாது, ரயில்வே அதிகாரிகளிடம்தான் மனுவோடு போக வேண்டும். காலனி முழுவதையும் கேட்காதீர்கள். லைன் வீடுகளில் ஒரு வரிசையைக் கேளுங்கள். அதையும் காட்சிக்கு வைக்கக் கேட்காமல் யாராவது குடியிருக்கும்படி கேளுங்கள். ஆள் புழங்காத ஓட்டு வீட்டில் ஓடு நகர்ந்தால் மாற்ற ஆளிருக்காது, உத்தரம் உளுத்துவிடும். பழுது பார்க்கும்போது சிமெண்ட் பூசவிடாதீர்கள். சுண்ணாம்புக் காரையில் கட்டிய சுவர் உறிஞ்சிய ஈரத்தைக் காரை வழியாகவே வெளியே விடும். மேலே சிமெண்ட் பூசினால் ஈரம் உள்ளேயே தங்கிச் செங்கல் பொரிந்து உதிரும். நல்ல எண்ணத்தோடு செய்த ரிப்பேராலேயே பாழான கட்டடங்கள் கொங்கு நாட்டில் ஏராளம், கோயில் மண்டபங்கள் உட்பட.

மனு நகர்வதற்குள் உங்களால் இன்றே முடிகிற வேலை ஒன்று உண்டு. அப்பாவைக் கேட்டு எழுதி வையுங்கள். அவர் கேங்குக்குத் தண்டவாளத்தோரம் எந்தக் கல்லிலிருந்து எந்தக் கல் வரை பொறுப்பு, தண்டவாளத்தை நடந்து பார்க்கும் கீமேன் காலையில் எத்தனை மணிக்கு நடக்கத் தொடங்குவார், மழை ராத்திரியில் ரோந்துக்கு யார் போனார்கள், எந்த வீட்டில் யார் இருந்தார்கள். வீட்டு எண்ணைப் போட்டு எழுதுங்கள், ஒவ்வொரு வீட்டையும் போட்டோ எடுத்துத் தேதி குறியுங்கள். எழுதியதும் எனக்கு அனுப்புங்கள், இதே பக்கத்தில் போடுகிறேன்.