பழைய டெஸ்க்டாப் ஒன்றில் விண்டோஸ் 10, லினக்ஸ் மின்ட் இரண்டையும் வைத்துக்கொள்வது எப்படி?

உங்கள் கணினி மூன்றாம் தலைமுறை ஐ5, 8 ஜிபி ரேம், 500 ஜிபி ஹார்ட் டிஸ்க் என்கிறீர்கள். விண்டோஸ் 11, ஒருசில விதிவிலக்குகள் தவிர, இன்டெல் எட்டாம் தலைமுறைக்குக் கீழே அதிகாரபூர்வமாக ஏறாது. விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவும் 2025 அக்டோபர் 14-இல் முடிந்துவிட்டது. கணக்கு மென்பொருளுக்கு மட்டும் விண்டோஸ், இன்டர்நெட் வேலை எல்லாம் இலவச இயங்குதளமான மின்ட்டில் என்ற உங்கள் திட்டம் சரியானது. ஆனால் இருக்கும் டிஸ்க்கை இரண்டாகப் பிரிக்காதீர்கள், தனியாக ஒரு எஸ்எஸ்டி (சிப்பில் தரவு வைக்கும் வேகமான டிஸ்க்) போடுங்கள்.

பத்து வருடத்துக்கு மேல் ஓடிய டிஸ்க்கில் பார்ட்டிஷனை (டிஸ்க்கின் பிரிவை) சுருக்கும்போது தரவு இடம் மாறுகிறது. பாதியில் கரண்ட் போனால் கணக்கும் சேர்ந்து போகலாம். கோலாலம்பூரில் சாயங்கால இடிமழைக்குச் சொல்லவே வேண்டாம். தவிர, எம்பிஆர் என்ற பழைய முறையில் பிரித்த டிஸ்க்கில் பிரைமரி பார்ட்டிஷன் நான்குதான் அனுமதி. பிராண்ட் கணினிகளில் ரிகவரியும் சேர்ந்து அந்த நான்கும் நிரம்பியே இருக்கலாம்.

கோலாலம்பூரின் கணினிக் கடை வளாகமான லோயாட் பிளாசாவில் 240 ஜிபி, 2.5 அங்குல சாட்டா எஸ்எஸ்டி என்று கேட்டு வாங்குங்கள். போர்டிலேயே நேராகச் செருகும் எம்.2 வகை வேண்டாம், அந்தக் காலத்து போர்டுகளில் அதற்குப் பெரும்பாலும் இடமே இல்லை. டிவிடி டிரைவைப் பயன்படுத்துவதில்லை என்றால் அதன் டேட்டா கேபிளும் பவர் கேபிளும் இதற்குப் போதும். நான்கு முனை பவரை சாட்டாவாக மாற்றும் அடாப்டர் வாங்க நேர்ந்தால், முனையை பிளாஸ்டிக்கில் மொத்தமாக வார்த்த மலிவு வகையைத் தொடாதீர்கள். அது உள்ளே ஷார்ட் ஆகித் தீப்பிடித்ததுண்டு.

முதலில் கணக்குக் கோப்புகளை வெளி டிஸ்க்கில் நகலெடுங்கள். பிறகு விண்டோஸில் கண்ட்ரோல் பேனல், பவர் ஆப்ஷன்ஸ் போய் ஃபாஸ்ட் ஸ்டார்ட்டப்பை அணைத்துவிடுங்கள். அது இருந்தால் விண்டோஸ் முழுதாக மூடாமல் அரைத்தூக்கத்தில் நிற்கும்; மின்ட்டிலிருந்து அந்த டிஸ்க்கைப் படிக்கலாம், எழுத முடியாது. சிஸ்டம் இன்ஃபர்மேஷனில் பயாஸ் மோட் (கணினி பூட் ஆகும் முறை) பழைய லெகஸியா, புதிய யுஇஎஃப்ஐயா என்றும் குறித்துக்கொள்ளுங்கள்.

இப்போது கணினியை அணைத்து, சுவர் பிளக்கையும் எடுத்துவிட்டு, எஸ்எஸ்டியைப் பொருத்தி, விண்டோஸ் டிஸ்க்கின் டேட்டா கேபிளைக் கழற்றுங்கள். இதை மட்டும் தவிர்க்காதீர்கள். யுஇஎஃப்ஐ முறையில், நீங்கள் எஸ்எஸ்டியைத் தேர்ந்தெடுத்தாலும் மின்ட் இன்ஸ்டாலர் தன் பூட்லோடரை (இயங்குதளத்தைத் தொடங்கும் நிரலை) விண்டோஸ் டிஸ்க்கில் கொண்டுபோய் வைத்துவிடக்கூடும். பிறகு விண்டோஸ் டிஸ்க் செத்தால் மின்ட்டும் பூட் ஆகாது. கேபிள் இல்லையென்றால் அந்தப் பேச்சுக்கே இடமில்லை. நகலெடுத்த வெளி டிஸ்க்கையும் கழற்றிவிட்டால், ‘டிஸ்க்கை அழித்து நிறுவு’ என்பதையும் பயமின்றி அழுத்தலாம்.

பூட் மெனுவில் (அதன் விசை கீழே) மின்ட் இன்ஸ்டாலர் இருக்கும் உங்கள் யுஎஸ்பி இரண்டு முறை தெரியலாம், ஒன்றின் முன்னால் யுஇஎஃப்ஐ என்றிருக்கும். விண்டோஸ் எந்த மோடில் இருக்கிறதோ அதையே தேர்ந்தெடுங்கள். மோட் மாறினால் தொடக்கத்தில் இயங்குதளத்தைத் தேர்வு செய்யும் மின்ட்டின் கிரப் மெனுவிலிருந்து விண்டோஸைத் திறக்க முடியாது.

நிறுவி முடிந்ததும் கேபிளைத் திரும்பச் செருகி, பயாஸில் (கணினியின் அடிப்படை அமைப்புத் திரையில்) பூட் வரிசையில் எஸ்எஸ்டியை முதலில் வையுங்கள். விண்டோஸ் வேண்டும்போது பூட் மெனு விசை போதும்: டெல், லெனோவோ, கிகாபைட்டில் எஃப்12, ஹெச்பியில் எஃப்9, ஆசஸில் எஃப்8.

விண்டோஸில் கடிகாரம் எட்டு மணி நேரம் பின்னால் காட்டினால் பயப்படாதீர்கள். போர்டின் கடிகாரத்தை மின்ட் உலக நேரமாக வைக்கிறது, விண்டோஸ் அதை மலேசிய நேரமாக நினைத்துக்கொள்கிறது. மின்ட் டெர்மினலில் (கட்டளை தட்டும் திரையில்) timedatectl set-local-rtc 1 என்று தட்டினால் சரியாகிவிடும்.

ஆனால் கடிகாரம் வருடக்கணக்கில் பின்னால் போனால், அது போர்டில் இருக்கும் சிஆர்2032 பேட்டரியின் வேலை. சில ரிங்கிட்தான், மாற்றிவிடுங்கள். மாற்றும் முன் பயாஸில் சாட்டா மோட் திரையை ஃபோனில் படம் எடுத்து வையுங்கள். பேட்டரி போனால் பல பழைய போர்டுகள் ஏஹெச்சிஐ மோடிலிருந்து பழைய ஐடிஇ மோடுக்குத் திரும்பிவிடும், விண்டோஸ் நீலத் திரையில் நின்றுவிடும். மோடைப் பழையபடி மாற்றினால் போதும், விண்டோஸை மறுபடி நிறுவத் தேவையில்லை.